தொலைந்த சாவியும் தொலையாத செலவும்

கும்பகோணத்திலிருக்கும் என் அத்தை, முப்பது வருஷமாக வைத்திருந்த வங்கி லாக்கரின் சாவியை ஒரு கோடைக் காலத்தில் தொலைத்துவிட்டாள். தொலைத்துவிட்டாள் என்று எழுதுவதுகூட அவளுக்கு இழைக்கும் அநியாயந்தான், ஏனென்றால் அத்தையின் சித்தாந்தப்படி அவள் எந்தப் பொருளையும் தொலைப்பதில்லை, மிகமிகப் பத்திரமாக வைத்துவிடுகிறாள், வைத்த இடந்தான் சில சமயம் ஞாபகத்துக்கு வருவதில்லை. பீரோவின் உள்ளறை, பூஜை அறைச் சம்புடம், அரிசிப் பானை, பழைய பட்டுப் புடவைகளின் மடிப்பு என்று வீட்டில் ஓர் இடம் பாக்கியில்லாமல் ஒரு வாரம் தேடிக் களைத்த பிறகு, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வங்கிக்குப் புறப்பட்டாள்.

அங்கிருந்த அதிகாரி வயதில் இளையவர், பொறுமைசாலி. "உங்க சாவிக்கு எங்ககிட்ட நகல் கிடையாதும்மா. எங்க சாவியைப் போட்டா பாதிப் பூட்டுதான் திறக்கும், மீதிப் பாதி உங்க கையில இருந்தது" என்றார். லாக்கரின் தத்துவமே அதுதான்: ஒரே பூட்டுக்குள் இரண்டு துவாரங்கள், ஒன்றில் வங்கியின் சாவியைத் திருப்பிய பின்னரே மற்றொன்றில் வாடிக்கையாளரின் சாவி வேலை செய்யும், வாடிக்கையாளரின் சாவிக்கு வங்கியே ஒரு நகல் வைத்துக்கொண்டால் இரண்டு பேர் சேர்ந்து திறக்கும் ஏற்பாடு ஒருவரே திறக்கும் ஏற்பாடாகிவிடும். ஆகவே எந்த ஏற்பாட்டை நம்பி அத்தை முப்பது வருஷம் நிம்மதியாகத் தூங்கினாளோ, அதே ஏற்பாடு இப்போது அவளையே வெளியில் நிறுத்திவைத்தது.

எழுத்து மூலம் விண்ணப்பம், அடையாளப் பத்திரங்கள், உடைத்துத் திறக்கச் சம்மதம் என்று காகிதங்களெல்லாம் பூர்த்தியாகி, மூன்று வாரங்கழித்துத் திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். லாக்கர் அறையின் தரையில் ஒரு தினசரித்தாளை விரித்து, பக்கத்து லாக்கர்களின் சாவித் துவாரங்களின் மேல் தூள் புகாதபடி டேப் ஒட்டி, துளையிடும் கருவியை அவர் அழுத்தியபோது எழுந்த ஓசையில் அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். சுருள்சுருளாக இரும்புச் சீவல் தாளின் மேல் விழுந்தது. இருபது நிமிஷத்தில் கதவு அரை அங்குலம் விலகியதும், மெக்கானிக்கும் அதிகாரியும் ஒரே சமயத்தில், யாரோ கட்டளையிட்டாற்போல, சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றார்கள். அந்த நாகரிகத்தைக் கண்டு நானும் திரும்பிக்கொண்டேன். "நீ எதுக்குடா திரும்பிக்கறே? இந்த டப்பாவைப் பிடி" என்றாள் அத்தை.

நகைகள் யாவும் பத்திரமாக இருந்தன. சங்கடம் பிறகுதான் வந்தது, துளையிட்ட கூலி, புதுப் பூட்டு, புதுச் சாவி, மெக்கானிக்கின் பிரயாணச் செலவு, அதற்கெல்லாம் வரி என்று பல வரிகள் கொண்ட பில்லை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "தொலைஞ்சது ஒரு சாவிதானே, பில்லு இத்தனை நீளமா இருக்கே?" என்று அத்தை கேட்டாள். மிகவும் நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கு நான் சொல்ல முயலும் பதிலென்றே வைத்துக்கொள்ளலாம்.

சாவி என்ற பொருளுக்கு விலை அதிகமில்லை. தெருமுனையில் குடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர், கையிலிருக்கும் சாவியைப் பார்த்து, அரத்தால் நாலு ராவு ராவி, பேசிக்கொண்டிருக்கும்போதே மாற்றுச் சாவி செய்து கொடுத்துவிடுகிறார். 2019ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப்போல, உள்ளே பல லிவர்களை அடுக்கி ஒவ்வொன்றையும் கையாலேயே இழைத்துப் பொருத்தும் பூட்டாக இருந்தால் சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். அப்படியானால் செலவு எதற்கு? தொலைந்த சாவி சாக்கடையில் துருப்பிடித்துக் கிடக்கிறதா, அல்லது எந்த வீட்டுச் சாவியென்று தெரிந்தே எடுத்த ஒருவன் சட்டைப் பையில் கிடக்கிறதா என்பது நமக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவே பூட்டை மாற்றுகிறோம். காப்பீட்டுப் பத்திரங்களும் வாடகை ஒப்பந்தங்களும் லாக்கர் ஒப்பந்தங்களும், வெவ்வேறு பாஷையில், வெவ்வேறு பொடி எழுத்தில், பேசிக்கொண்டிருக்கும் விஷயம் இந்தச் சந்தேகத்தின் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான்.

லாக்கர் விஷயத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அறிவுறுத்தல்களின்படி, சாவியைத் தொலைத்த வாடிக்கையாளர் உடனே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். திறக்கவும், பூட்டை மாற்றவும், சாவியைப் புதுப்பிக்கவும் ஆகும் செலவு முழுவதையும் வங்கி அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். தொலைந்த சாவி பிற்காலத்தில் கிடைத்தால் வங்கியிடம் ஒப்படைத்துவிடுவதாக அவரிடம் உறுதிமொழியும் வாங்கிக்கொள்ளலாம். அதே அறிவுறுத்தல்கள் வங்கியையும் சும்மா விடவில்லை. வாடிக்கையாளரும் பொறுப்புள்ள அதிகாரியும் முன்னிலையில் இருக்க, வங்கியோ அது அங்கீகரித்த மெக்கானிக்கோதான் திறக்க வேண்டும். பக்கத்து லாக்கர்களுக்குச் சேதம் வரக்கூடாது. உள்ளே இருப்பது உடையவர் தவிர வேறொருவர் கண்ணிலும் படக்கூடாது. மெக்கானிக்கும் அதிகாரியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது வெறும் நாகரிகமன்று, விதியின் எழுத்து என்பது பிற்பாடு இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதனால் அவர்கள்மேல் எனக்கிருந்த மரியாதை குறைந்துவிடவில்லை.

இந்த விதிகள் பிறப்பதற்கு ஒரு கசப்பான வழக்கு காரணமாயிருந்தது. கொல்கத்தாவில் ஒரு வாடிக்கையாளர், வாடகைப் பாக்கியைச் செலுத்திவிட்ட பிறகும், அவருக்குத் தெரியாமலே 1994இல் அவருடைய லாக்கரை வங்கி உடைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அவர் வைத்திருந்ததாகச் சொன்ன ஏழு நகைகளில் இரண்டே இரண்டு, அதுவும் முத்திரையில்லாத உறையில், அவர் கைக்குத் திரும்பின. கால் நூற்றாண்டுக்கு மேல் அலைந்த அந்த வியாஜ்யத்தில், 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு ஐந்து லட்ச ரூபாய் நஷ்டஈடும் ஒரு லட்ச ரூபாய் வழக்குச் செலவும் அளித்ததோடு, ஆறு மாதத்துக்குள் லாக்கர்களுக்குத் தகுந்த விதிகள் வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கும் உத்தரவிட்டது. சாவியில்லாமல் திறப்பது எப்படி என்பதற்கு இவ்வளவு விஸ்தாரமான சடங்கு ஏற்பட்டதற்குக் காரணம், சடங்கே இல்லாமல் ஒருமுறை திறந்ததுதான்.

இங்கே ஒரு பொதுவான மயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். லாக்கரில் வைத்ததெல்லாம் தானாகவே காப்பீடு செய்யப்பட்டதாக நம் ஜனங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை, வங்கிக்கு லாக்கரில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. லாக்கர் பொருள்களுக்கான காப்பீட்டை வங்கி தன் வாடிக்கையாளருக்கு விற்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிந்து விழுதல், ஊழியரின் மோசடி ஆகியவற்றால் நஷ்டம் ஏற்பட்டால், வங்கியின் பொறுப்பு வருஷ வாடகையைப்போல் நூறு மடங்கு என்று நிர்ணயித்திருக்கிறார்கள்; வருஷ வாடகை மூவாயிரம் ரூபாயானால் மூன்று லட்சம், உள்ளே முப்பது லட்சத்துக்கு நகையிருந்தாலும் சரியே. லாக்கர் எடுக்கும்போது மூன்று வருஷ வாடகைக்கும் உடைத்துத் திறக்கும் செலவுக்கும் ஈடாக ஒரு வைப்புத்தொகையை வங்கி கேட்கலாம் என்ற விதியை மட்டும் நான் ரசித்துப் படித்தேன்: பூட்டைக் கொடுக்கும்போதே அதை உடைக்கும் கூலிக்கும் ஈடு வாங்கிக்கொள்ளும் அந்தத் தீர்க்கதரிசனத்தை எப்படி ரசிக்காமல் இருப்பது!

வாடகை வீட்டுக்கு வருவோம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகை, முன்பணம், மின்கட்டணம், சுவரில் ஆணி அடிக்கக்கூடாதென்ற கண்டிப்பு எல்லாம் இருக்கும். எத்தனை சாவி கொடுக்கப்பட்டது என்ற ஒரு வரியை மட்டும் பார்ப்பது அபூர்வம். தகராறு வந்தால் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர்கள் வாடகைதாரர்கள் உரிமை பற்றிய 2017ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம், பராமரிப்பு வேலைகளை இரு தரப்பாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது: கட்டடத்தின் அமைப்பில் ஏற்படும் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்ப் பாதை மாற்றுவது உரிமையாளர் பங்கு, குழாயின் வாஷர், சுவிட்சு, ஜன்னல் கண்ணாடி, கதவு அலமாரிகளின் பூட்டும் குமிழும் குடியிருப்பவர் பங்கு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலொழிய பூட்டு மாற்றும் செலவு குடியிருப்பவரைச் சேர்ந்ததென்று இதற்கு அர்த்தம். தொலைத்தவர் கொடுப்பது நியாயந்தான். ஆனால் முன்பிருந்த குடித்தனக்காரரிடமும், அவருக்கு முன்பிருந்தவரிடமும், அவர்கள் வீட்டு வேலைக்கு வந்தவரிடமும் எத்தனை சாவிகள் தங்கிப்போயின என்ற கணக்கே இல்லாத ஒரு பூட்டைப் புதிதாக வருபவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அதன் சந்தேகத்தையும் அவரே சுமக்கட்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை. குடி மாறும்போது பூட்டை மாற்றிக் கொடுக்கும் செலவு உரிமையாளருடையது என்பதே என் அபிப்பிராயம். அதை ஒப்பந்தத்தில் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு விலையுண்டா என்ற கேள்வியை மிகவும் கூர்மையாக எடைபோட்ட தீர்ப்பு ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. அந்நாட்டில் பல குடித்தனங்கள் கொண்ட கட்டடங்களில் ஒரே சாவி தெருக்கதவையும், கீழறையையும், சொந்த வீட்டுக் கதவையும் திறக்கும். பக்கத்து வீட்டைத் திறக்காது. இப்படிப் பின்னிக் கோத்த பூட்டுத் தொகுதியில் ஒரு சாவி தொலைந்தால், தொலைத்தவர் வீட்டோடு போவதில்லை. தெருக்கதவு எல்லாருக்கும் பொதுவானபடியால் கட்டடம் முழுவதற்கும் பூட்டு மாற்ற வேண்டுமென்ற பேச்சு எழும், செலவும் அதற்கேற்ப ஏறும். ஹைடல்பெர்க் நகரத்தில் 2010 மார்ச்சில் குடிவந்த ஒருவர் மே மாதக் கடைசியில் காலி செய்தார். வந்தபோது இரண்டு சாவிகள் கொடுத்ததாகக் குறிப்பு இருந்தது, திரும்பி வந்ததோ ஒன்று. பூட்டுத் தொகுதியை மாற்ற 1,468 யூரோ ஆகுமென்று கணக்கிட்டு, அதை முன்கூட்டியே செலுத்தும்படி கட்டட நிர்வாகம் வீட்டு உரிமையாளரைக் கேட்டது. உரிமையாளர் அதைச் செலுத்தவில்லை, பூட்டும் மாற்றப்படவில்லை, ஆனால் பணத்தைக் கேட்டுக் குடியிருந்தவர்மேல் வழக்கு மட்டும் தொடர்ந்தார்.

ஹைடல்பெர்க்கின் இரண்டு நீதிமன்றங்களும் உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தன. கார்ல்ஸ்ரூவேயிலுள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 5 அன்று அதை மாற்றியது. சாவியைக் கவனமாகப் பாதுகாத்துத் திருப்பித் தருவது குடியிருந்தவரின் கடமை, அந்தக் கடமை தவறினால் பூட்டுத் தொகுதியை மாற்றும் செலவுவரைக்கும் அவர் பொறுப்பாளியாகலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் துஷ்பிரயோக பயம் உண்மையாக இருந்து, அதனால் பூட்டை உண்மையாகவே மாற்றியிருந்தால்தான் நஷ்டம் என்ற ஒன்று ஏற்படுகிறது, மாற்றாமல் மனத்துக்குள் கற்பித்துக்கொண்ட ஆபத்துக்குப் பணம் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. பயமிருந்தால் பூட்டை மாற்று, மாற்றியபின் பில்லைக் கொண்டு வா. பில் இல்லையென்றால் பயமும் இல்லை! தர்க்க சாஸ்திரக்காரர்களுக்குப் பிடிக்கும் நியாயம் இது. எனக்கும் பிடித்திருக்கிறது, முன்பணத்திலிருந்து "பூட்டு மாற்ற" என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, அதே பழைய பூட்டை அடுத்த குடித்தனக்காரருக்குக் கொடுக்கும் உரிமையாளர்களை நம் ஊரிலும் கண்டிருக்கிறேன்.

இத்தகைய பயத்துக்கென்றே அந்நாட்டில் காப்பீடும் உண்டு. பிறருக்கு நாம் விளைவிக்கும் நஷ்டத்துக்காகத் தனி மனிதர் எடுத்துக்கொள்ளும் பொறுப்புக் காப்பீட்டில், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் சாவி தொலைந்தால் பூட்டுகளை மாற்றும் செலவு, அதுவரைக்கும் தற்காலிகப் பூட்டுப் போடும் செலவு, தேவைப்பட்டால் பதினான்கு நாள்வரை காவல் வைக்கும் செலவு ஆகியவற்றை ஏற்கும் ஷரத்து வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது. அந்தப் பதினான்கு நாளும் சாவி தொலைந்ததைக் கண்டுகொண்ட நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். சாவியை எடுத்தவன் உள்ளே புகுந்து திருடினால் அந்தத் திருட்டின் நஷ்டமோ, இரும்புப் பெட்டி, மேஜை, அலமாரிகளின் சாவியோ இதில் அடங்காது. சந்தேகத்தைத் தீர்க்கும் செலவைக் காப்பீட்டு ஸ்தாபனம் ஏற்கும். சந்தேகம் மெய்யாகிவிட்டால் ஏற்காது.

நம் நாட்டுத் திருட்டுக் காப்பீட்டில் நிலைமை இன்னும் கடினம். வீட்டிலோ கடையிலோ பலவந்தமாகப் புகுந்தோ, புகுந்தபின் பலவந்தமாக வெளியேறியோ நடக்கும் களவைத்தான் இந்தப் பாலிஸிகள் பொதுவாகக் களவு என்று வகுக்கின்றன; சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் மேல்முறையீட்டில் 2004இல் உச்ச நீதிமன்றமும், பாலிஸியில் அப்படி எழுதியிருந்தால் பலப்பிரயோகம் இல்லாத வெறும் திருட்டு அதில் அடங்காதென்று முடிவு செய்தது. பணப்பெட்டியை அதன் சாவியாலோ மாற்றுச் சாவியாலோ திறந்து எடுத்த நஷ்டத்துக்கு, அந்தச் சாவி அடித்தோ மிரட்டியோ பறிக்கப்பட்டிருந்தாலொழிய, தாம் பொறுப்பில்லை என்ற ஷரத்தும் வியாபாரிகளின் பாலிஸிகளில் சகஜமாகக் காணப்படுகிறது. இதன் பொருளைச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். பூட்டை உடைத்து வரும் திருடன் தானே ஒரு சாட்சியத்தை விட்டுச் செல்கிறான். நெம்பிய கதவும் அறுத்த கொண்டியும் நமக்காகப் பேசும். தொலைந்த சாவியோடு வருபவனோ வீட்டுக்காரரைப் போலவே திறந்து, வீட்டுக்காரரைப் போலவே பூட்டிக்கொண்டு போய்விடுகிறான். அப்போது பொருளும் போகிறது, பொருள் போனதற்கு அத்தாட்சியும் போகிறது.

இந்த அத்தாட்சிக் கஷ்டத்தை இங்கிலாந்தில் இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் பூட்டைக்கொண்டே தீர்க்கப் பார்த்தார். போர்ட்ஸ்மத் கப்பற்படைத் துறையில் 1817இல் கள்ளச் சாவியால் திறந்து திருடிவிட்டார்கள். கள்ளச் சாவிக்கு அசையாத பூட்டு வேண்டுமென்று அரசாங்கம் போட்டி வைத்தபோது, ஜெரமையா சப் என்பவர் 1818இல் ஒரு பூட்டு செய்து கொடுத்தார். அதில் தவறான சாவியை நுழைத்துத் திருகினால் ஒரு லிவர் அளவுக்குமேல் எழும்பிச் சிக்கிக்கொள்ளும். பிறகு உடையவர் தம் சொந்தச் சாவியைப் போடும்போது அது உடனே திரும்பாது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பூட்டுங்கூடத் தொலைந்துபோன நிஜச் சாவியோடு வருபவனைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதை மறக்கக்கூடாது.

மோட்டார் வாகனத்துக்கு மட்டும் நம் காப்பீட்டுக்காரர்கள் சாவியைத் தனியாக மதித்திருக்கிறார்கள். சாதாரணப் பாலிஸியில் சாவி தொலைந்தால் ஒரு பைசாவும் கிடையாது. சாவி மாற்றுக் காப்பீடு என்று தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொண்டவருக்குப் புதுச் சாவியும், தேவையானால் பூட்டுத் தொகுதியும், பொருத்தும் கூலியும் ஓர் உச்சவரம்புக்குள் கிடைக்கும். இக்காலத்துக் கார்ச் சாவிக்குள் ஒரு சில்லு உட்கார்ந்துகொண்டு, இன்னாரென்று வண்டியின் கணினிக்குச் சொன்னால்தான் இன்ஜின் உயிர்பெறுகிறது. அரத்துக்கும் குடைக்கும் அங்கே வேலையில்லை, ஆகவே செலவு ஆயிரக்கணக்கில் ஓடும். இதை வாங்குவோர், வருஷத்தில் எத்தனை முறை கேட்கலாம், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், திருடு போனதானால் போலீஸில் புகார் கொடுத்த ரசீது வேண்டுமா என்ற மூன்றையும் படித்துக்கொள்வது நல்லது.

ஆனால் வாகனச் சாவி விஷயத்தில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வண்டியே களவு போனால், காப்பீட்டு ஸ்தாபனம் முதலில் கேட்பது கம்பெனி கொடுத்த இரண்டு அசல் சாவிகளையுந்தான். ஒன்று குறைந்தால், அதை வண்டியிலேயே விட்டுவிட்டு அஜாக்கிரதையாகப் போனீர்களா என்ற விசாரணை ஆரம்பமாகும்; வண்டியைக் காக்கத் தகுந்த எச்சரிக்கை எடுக்க வேண்டுமென்பது பாலிஸியின் நிபந்தனைகளில் ஒன்று. சாவியை விட்டுவிட்டு டிரைவர் இறங்கிய சமயத்தில் லாரி களவு போன ஒரு வழக்கில், அது ஒப்பந்தத்தின் வேரையே அறுக்கும் பிழையாகாதென்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 2023 ஜூலையில் நஷ்டஈட்டில் முக்கால் பங்கு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. கால் பங்கு சாவியோடு போயிற்று. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாவியைத் தொலைத்து, போலீஸ் நிலையத்தில் ஒரு மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவைத்து, பூட்டை மாற்றிய பில்லையும் கோப்பில் சேர்த்தவருக்கு இந்த விசாரணையில் பேச வாயிருக்கும். மற்றொரு சாவிதான் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டவருக்கு என்ன சொல்வதென்றே தெரியாது.

இதையெல்லாம் நான் அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். ஜெர்மனிக்காரர் கதையை மட்டும் ஆவலோடு கேட்டாள், "அந்த இன்னொரு சாவி கிடைச்சுதா இல்லையா?" என்று விசாரித்தாள். அவள் சாவி கிடைத்தது. அந்த வருஷம் நவராத்திரிக்குப் பொம்மைப் பெட்டியை இறக்கி, செட்டியார் பொம்மையைத் துடைப்பதற்காகக் கவிழ்த்தபோது, அடியிலிருந்த துவாரத்தில் அடைத்துவைத்த துணி உருண்டைக்குள்ளிருந்து டங்கென்று தரையில் விழுந்தது. இனி எந்தப் பூட்டையும் திறக்காத இரும்புத் துண்டுதானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்றேன் நான். அத்தை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழி அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. மறுநாளே வங்கிக்குப் போய்ச் சாவியை ஒப்படைத்தோம். அதே அதிகாரி அதன் நம்பரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்தச் சீட்டை நாலாக மடித்து, பத்திரமாக இருக்கட்டுமென்று, செட்டியார் பொம்மைக்குள் திணித்துத் துணியால் அடைத்தாள்.